பழைய வண்டியும் புதிய சீடனும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த ஓர் இளைஞர், பள்ளிக்கூடப் படிப்பில் அவ்வளவாக நாட்டம் இல்லாதவர், ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைக் கண்டார். இழுக்க மாடும் இல்லை; மிதிக்கக் காலும் இல்லை; வண்டி தானாகவே ஓடுகிறது! அந்தக் காட்சி அவரைத் தூங்க விடவில்லை. ஊரை விட்டுப் புறப்பட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் வேலைக்கு அமர்ந்தார். வாங்கிய சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தார். வேண்டிய தொகை சேர்ந்ததும் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கியே விட்டார்.

வேறொருவராயிருந்தால் வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றியிருப்பார். இவரோ அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தரையில் பரப்பினார். பிறகு திரும்பவும் பூட்டினார். அந்த வாலிபர்தாம் பிற்காலத்தில் ஜி. டி. நாயுடு என்று உலகம் அறிந்த விஞ்ஞானச் செல்வர். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிப் பெரும் மோட்டார் ஸ்தாபனத்தையே உண்டாக்கினார். அத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது இன்னொருவர் ஓட்டித் தேய்த்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

இந்த வரலாற்றை நான் இருபது வருஷ காலமாக வகுப்பிலே சொல்லி வருகிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள், மணி அடிக்கும், போய்விடுவார்கள். ஆனால் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஸார், நீங்க எதையாவது கழற்றிப் பூட்டியிருக்கீங்களா?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ள விரும்பினான். "மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்துத் தப்பித்துக் கொண்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரையில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்று, நாற்பத்து நான்கு வயதாகி, சுயதேவைப் பூர்த்தியைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டேன். சைக்கிள் செயின் கழன்றால்கூடத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக் கொண்டு போகிறவன் நான்!

திருவொற்றியூர்க் குதிரை

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் பள்ளிக்கூட மணிக்கும் பஸ் வரும் நேரத்துக்கும் ஜன்மப் பகை. ஆகவே ஒரு வண்டி தேவையாகத்தான் இருந்தது. அந்தத் தேவையோடு மாணவனின் கேள்வியும் சேர்ந்து கொள்ளவே, ஓட்டவும் வேண்டும், கழற்றிப் பார்க்கவும் வேண்டும் என்று ஒரு பழைய புல்லட் வாங்குவதென்று தீர்மானித்தேன்.

புல்லட்டை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனியார் 1901-ஆம் ஆண்டில் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932-இல் வந்தது. சுதந்திரம் அடைந்த நம் நாட்டின் ராணுவம் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வண்டிகளைத் தருவித்தது. வண்டி நம் சாலைகளுக்கு ஏற்றதாக அமையவே, 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தடிகள் சமாதி கொண்ட ஊரில்தான், துறக்க மனம் வராத இந்த வண்டியும் பிறந்தது!

முதலில் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் உறுப்புகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் தாய்க் கம்பெனியே மறைந்தது. திருவொற்றியூரில் மட்டும் வேலை நிற்கவில்லை. 1977 முதல் நம் தொழிலாளர் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் போன பிறகு, மாணாக்கன் அதே பாடத்தை அவர் ஊரிலேயே போய் ஒப்பித்த கதை இது. சரித்திர ஆசிரியனாகிய எனக்கு இதைவிட வேறென்ன சிபாரிசு வேண்டும்?

ஆனால் சரித்திரம் வேறு, சாலை வேறு. புதிதாக ஓட்டக் கற்கும் வாலிபருக்கு 100 ஸி.ஸி. கொண்ட லேசான வண்டியே உத்தமம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட் 160 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஒரு பக்கம் சாய்ந்து விட்டால் தூக்கி நிறுத்த ஆள் தேவை. அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 346 ஸி.ஸி. கொள்ளளவுள்ள ஒரே சிலிண்டர். 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் ஓட்டம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி அமைந்தவை. 2010-ஆம் ஆண்டையொட்டி நின்றுபோன வார்ப்பிரும்பு எஞ்சினுள்ள அந்தப் பழைய வண்டிகளை, சில ஸ்பானர்களும் ஒரு ஸ்குரூ டிரைவரும் உள்ளவர் கழற்றிப் பார்க்கலாம்.

வீட்டில் நடந்த பார்லிமெண்டுக் கூட்டத்தில் என் மனைவி மூன்று நிபந்தனைகள் விதித்தாள். லைசென்ஸ் பெறாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றல்ல, இரண்டு வாங்க வேண்டும். ஒதுக்கிய பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது, நாலில் ஒரு பங்கு கையில் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை எவ்வளவு தீர்க்க தரிசனமுள்ளது என்பதைப் பின்னால் அறிந்தேன். பழைய வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் அதை எழுதி வைத்துக் கொள்ளலாம்.

குளித்துவிட்டு வந்த வண்டி

எங்கள் ஊரில் நாற்பது வருஷமாக புல்லட்டுகளோடு வாழ்ந்து வரும் மெக்கானிக் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரார் எல்லாருக்கும் அவர் 'பாய்'. எனக்கு இப்போது குருநாதர். வண்டி பார்க்கப் போகையில் அவரையும் கூட்டிக் கொண்டு போனேன்.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. கறுப்பு வர்ணத்தில் முகம் பார்க்கலாம். தரகர் ஒரே உதையில் கிளப்பிக் காட்டினார். நான் மயங்கிப் போனேன். பாயோ அதற்கு முன்பே, நாங்கள் போய் இறங்கியதும் இறங்காததுமாக, சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார்.

"காலை ஏழு மணிதான் ஆகுது. அதுக்குள்ளே இவரு வெந்நீர்லே குளிச்சிட்டு வந்திருக்காரே!" என்றார்.

அதன் பொருள் அப்புறந்தான் எனக்கு விளங்கிற்று. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். சூடேறிய எஞ்சின் சுலபமாகக் கிளம்பும். தேய்மானத்தின் கடகட ஓசை பலவும் அடங்கிவிடும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஏதோ ஒன்றை மறைக்க விரும்புகிறார் என்று சந்தேகிக்க இடம் உண்டு.

அடுத்தபடி பாய் ஆர்.ஸி. புத்தகத்தைக் கேட்டார். அதில் கண்ட எஞ்சின் நம்பரையும் சட்டத்தின் நம்பரையும் வண்டியில் வெட்டியுள்ள நம்பர்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். மெல்லிய காகிதத்தை நம்பரின் மேல் வைத்துப் பென்ஸிலால் தேய்த்தார். சட்டத்தின் நம்பர் சரியாக இருந்தது. எஞ்சின் நம்பரில் இரண்டு இலக்கங்கள் வேறு. "எஞ்சின் மாத்தினது, புஸ்தகத்திலே அப்புறம் ஏத்திக்கலாம்" என்றார் தரகர். பாய் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக் கொண்டார். எங்கள் பேட்டி அத்துடன் முடிந்தது.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. நம்பர் பொருந்தாத வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும் பெயர் மாற்றும் போதும், பதிவைப் புதுப்பிக்கும் போதும் நம்மை நடையாய் நடக்க வைக்கும். பளபளப்பில் மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்திருந்தால், ஒரு வருஷத்துச் சேமிப்போடு என் நல்ல பெயரும் போயிருக்கும்.

இரண்டாவது வண்டி

இரண்டாவது வண்டி ஓய்வு பெற்ற தபால் இலாகா ஊழியர் ஒருவருடையது. 1989-ஆம் வருஷத்தியது, அதாவது என்னைவிடப் பத்து வயது இளையது. வர்ணம் மங்கியிருந்தது, இருக்கை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தது. பாய் அன்று செய்த பரீட்சையை, வாங்க விரும்புகிறவர்களின் உபயோகத்துக்காக வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, புகை. காலையில் கிளம்பியவுடன் வரும் மெல்லிய வெண்புகை வெறும் நீராவி. அதற்குப் பயப்பட வேண்டாம். நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்திருக்கும். கரும்புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். அது பெரும்பாலும் கார்புரேட்டரில் தீரக் கூடிய சில்லறை வியாதி.

இரண்டாவது, எலும்பு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல் தட்டினால் கழுத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும்; 'டொக் டொக்' என்று ஆடினால் செலவு காத்திருக்கிறது. சட்டத்தில் புதிய வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது. சந்தேகம் வந்தால் தரையில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் வண்டியை நேராக உருட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே பின் சக்கரத்தின் தடமும் விழ வேண்டும்.

மூன்றாவது, தேயும் பொருள்கள். பல் சக்கரத்தின் பற்கள் சுறா மீனின் பல்லைப் போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. கோடு தேயாமலிருந்தாலும் கிழடு கிழடுதான். ரப்பர் இறுகி வெடித்துப் போயிருக்கும். இந்த வண்டியின் டயர்கள் அப்படித்தான் இருந்தன. செயினும் முடிந்து போயிருந்தது. பெரியவர் எதையும் மறைக்கவில்லை. எண்பதாயிரம் கேட்டார்; அறுபத்தையாயிரத்தில் முடிந்தது.

அடுத்து, காகிதப் பரீட்சை. சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பதிவு எதுவரை உயிரோடிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடன் பேரில் வாங்கிய வண்டியானால் கடன் தீர்ந்த குறிப்பு புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். வேறு ராஜ்யத்து வண்டியானால் அந்த ஊர் ஆபீஸின் ஆட்சேபணையில்லாப் பத்திரம் வேண்டும். விற்பவர் தம் ராஜ்யத்துக்குள்ளேயே விற்றால் பதினான்கு நாளுக்குள் 29-ஆம் நம்பர் பாரத்திலும், வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் 30-ஆம் நம்பர் பாரத்திலும் தெரிவிக்க வேண்டும். "நம்பிக்கைதான் முக்கியம், பெயர் மாற்றம் மெதுவாக ஆகட்டும்" என்று பலர் இருந்து விடுகிறார்கள். விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மேலேயே விழும் என்று 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தத் தபால்காரப் பெரியவர் பெயர் மாறும் வரையில் வாரம் ஒரு முறை எனக்கு டெலிபோன் செய்தார். அவருக்கு விவரம் தெரிந்திருந்தது.

வலது காலும் இடது காலும்

முப்பது நாள் எல்.எல்.ஆர். காலத்தில் நண்பர் ஒருவருடைய சிறிய வண்டியில் பழகி லைசென்ஸ் பெற்றேன். எல்லாம் தெரிந்துவிட்டதென்று எண்ணி என் புல்லட்டில் ஏறினேன். அங்கேதான் சங்கடம். இக்கால வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். 1989-ஆம் வருஷத்துப் புல்லட்டிலோ கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். வண்டியை நிறுத்தப் போகிறேன் என்று கியரை மாற்றிக் கொண்டு உறுமியபடி ஓடினேன். பதினைந்து நாள் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் தனியாகச் சுற்றிய பிறகே, யோசனையில்லாமல் இடது கால் பிரேக்கைத் தேடத் தொடங்கிற்று. அது வரையில் சாலைக்குப் போகவில்லை. புதியவர்களும் இந்த விஷயத்தில் அவசரப்பட வேண்டாம்.

கிளப்புவதும் ஒரு வித்தை. பலத்தால் ஆகிற காரியமல்ல. சாவியைப் போட்டுவிட்டு, உதைக்கும் கட்டையை மெதுவாக அழுத்திக் கொண்டே ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே பிஸ்டன் உச்சிக்கு வந்திருக்கிறது. டிகம்ப்ரஷர் பிடியை இழுத்து, அடைபட்ட காற்றுக்கு வழி விட்டு, இன்னும் இரண்டு விரற்கடை அழுத்தி உச்சியைத் தாண்ட வைக்க வேண்டும். பிறகு பிடியை விட்டு முழுதாக ஓர் உதை. நாடி பார்த்து மருந்து கொடுப்பது போலத்தான். நாடி பார்க்காமல் உதைத்தால் கட்டை திருப்பி உதைக்கும். என் கணைக்கால் நான்கு நாள் வீங்கியிருந்தது. பிள்ளைகளிடம் "படி தடுக்கிவிட்டது" என்றேன்.

நாள், வாரம், மாதம்

டயர்கள், செயினும் பற்சக்கரங்களும், பிரேக் கட்டைகள், வயர்கள் சில, கிளட்ச் கம்பி ஆகியவற்றுக்காக முதல் வருஷத்தில் பதினோராயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. மனைவியின் மூன்றாவது நிபந்தனை வாழ்க! ஆனால் அந்த வேலைகளை பாய் செய்யவில்லை. "நான் பக்கத்திலே உக்காந்துக்கறேன், நீங்க செய்யுங்க ஸார்" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை தோறும் மாலையில் அவர் கடை எனக்குப் பாடசாலையாயிற்று.

தினந்தோறும் புறப்படுமுன் இரண்டு நிமிஷம் போதும்: இரண்டு பிரேக், டயரின் காற்று, விளக்குகள், வண்டியின் அடியில் புதிய ஆயில் சொட்டு.

வாரம் ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, தளர்வைப் பார்க்க வேண்டும். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் கழலும். விறைப்பாக இருந்தால் பேரிங்கைத் தின்னும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஆகையால் சக்கரத்தை உருட்டிக் கொண்டே, மிக விறைப்பான இடத்தில் அளக்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் ஆயில் ஓரிடத்தில் மட்டும் இல்லை. எஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் இடது பக்கப் பெட்டிக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று என மூன்று அறைகள். ஒன்றில் ஊற்றிவிட்டு மற்ற இரண்டையும் பட்டினி போடக் கூடாது. வண்டி பல நாள் நின்றால் எஞ்சின் ஆயில் அறையிலிருந்து கசிந்து அடியில் இறங்கிவிடும். அப்போது அளவு குறைந்தது போல் காட்டும். அதைப் பார்த்துப் பதறி மேலும் ஊற்றினால், கிளப்பியதும் மூச்சுக் குழாய் வழியாகக் கக்கும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு முறை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பேன். பிஸ்கோத்து நிறமாக இருந்தால் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பாயிண்ட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவு. பீலர் கேஜ் என்னும் தகட்டால் அளக்க வேண்டும். வால்வுகளைத் தள்ளும் கம்பிகளை எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் உச்சியில் இருக்கையில், இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

பழைய வண்டிக்காரர்களுக்குப் புதிதாக வந்த கவலை ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு இருபது பங்கை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்றால் இரும்பு டாங்கி துருப்பிடிக்கும். பழைய காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் கெட்டுப் போகும். ஆகவே குழாய்களைப் புதிய ரகத்தில் மாற்றிவிட்டேன். கோடை விடுமுறையிலும் வண்டியை வாரம் ஒரு முறையாவது ஓட்டுகிறேன்.

ரயில்வே கேட்டில்

இவ்வளவும் கற்ற பின் மனிதனுக்குக் கர்வம் வராமல் இருக்குமா? வந்தது.

2024-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பக்கத்து ஊரில் சித்திரப் போட்டிக்கு அவளை அழைத்துப் போக வேண்டும். செயின் சற்றுத் தளர்ந்திருந்தது. பாய் கடை விடுமுறை. 'நாமே செய்யலாமே' என்று பின் சக்கரத்து அச்சைத் தளர்த்தி, இரு பக்கமும் இருக்கும் நத்தைக் கூடு போன்ற திருகுகளைச் சமமாகத் திருப்பி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை விறைப்பாக்கினேன். அச்சையும் நன்றாக முடுக்கினேன். மகள் கைதட்டினாள்.

எட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி ஏனோ சோர்ந்தது போல் இருந்தது. எங்கோ கருகும் வாசனை வந்தது. வயலில் தாள் எரிக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். வளைவு திரும்பியதும் ரயில்வே கேட். மணி அடிக்கிறது, கட்டை இறங்குகிறது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் நிற்கிறது. இடது காலால் பிரேக்கை அழுத்தினேன். கட்டை முழுதும் இறங்கிற்று, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்துக் கியரைக் குறைத்தேன். டிராக்டரின் பின்னால் துருத்திக் கொண்டிருந்த கரும்புகளுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. மகளின் கைகள் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்துப் பிரேக் டிரம் கை வைக்க முடியாதபடி கொதித்தது. சாலையோரப் புளிய மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, சூடு ஆறிய பின் பிரேக்கைத் தளர்த்தி, ஆள் நடக்கும் வேகத்தில் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "செயினை இழுத்தீங்க, சக்கரம் பின்னாலே போச்சு. சக்கரம் பின்னாலே போனா பிரேக் கம்பி தானா இறுகும் இல்லே? அதைத் தளர்த்தினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை, பாய்."

"ராத்திரியும் பகலும் ஒருத்தன் பிரேக்கிலே காலை வெச்சுட்டே ஓட்டினா எப்படியோ அப்படித்தான். சூடேறினா டிரம் விரியும், கட்டை பிடிக்காது. ஒண்ணைத் தொட்டா, அதோட கட்டியிருக்கிற நாலையும் தொட்டுப் பார்க்கணும் ஸார். யந்திரத்திலே தனியா ஒண்ணும் கிடையாது."

நான் படித்த புத்தகங்கள் பலவற்றில் இல்லாத ஒரு வாக்கியம் அது. செயினைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது வேறெதோடு சேர்ந்திருக்கிறது என்பது தெரியவில்லை. அரைகுறை அறிவு, அறியாமையைக் காட்டிலும் வேகமாக ஓடும். பிரேக் இல்லாமல் ஓடும்.

ஐந்து சதவிகிதம்

1929-ஆம் ஆண்டில் அகில பாரத சர்க்கா சங்கம் ஒரு பரிசு அறிவித்தது. சிறந்த புதிய ராட்டினத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதன் நிபந்தனைகள் காந்தியடிகளின் மனத்தைக் காட்டுகின்றன. ராட்டினம் இந்தியாவில் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். விலை நூற்றைம்பது ரூபாயைத் தாண்டக் கூடாது. அதோடு நிற்கவில்லை. நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டு உழைக்க வேண்டும். வருஷத்தில் பழுது பார்க்கும் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

சுதேசி என்றால் நம் ஊரில் செய்த பொருளை வாங்குவது என்றே நான் எண்ணியிருந்தேன். வாங்குவதோடு சுதேசி முடிவதில்லை, அதைப் பேணத் தெரிந்திருக்க வேண்டும் என்பதல்லவா அந்த ஐந்து சதவிகிதத்தின் கருத்து? திருவொற்றியூர்த் தொழிலாளர் செய்த வண்டியை வாங்கிவிட்டு, ஒரு மரையைத் திருக்கவும் பிறர் கையை எதிர்பார்த்து நின்றால், பாதிச் சுதேசிதான் நாம். நம் வீடுகளில் கரி படிந்த கையைக் கண்டால் முகம் சுளிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கைக்குள் இருக்கும் கல்வி எத்தகையது என்பதை, நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கையிடம் பாடம் கேட்கப் போனபோது உணர்ந்தேன்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் விலை அறுபத்தையாயிரம். அதில் ஐந்து சதவிகிதம் மூவாயிரத்து இருநூற்றைம்பது. முதல் வருஷம் பதினோராயிரத்து நானூறு செலவானதால் சங்கத்தின் பரீட்சையில் தோற்றேன். இரண்டாம் வருஷத்துச் செலவு, ஆயில், பிளக், ஒரு டியூப், ஒரு கேபிள் எல்லாம் சேர்த்து, மூவாயிரத்து நூறு. தேறிவிட்டேன், நூற்றைம்பது ரூபாய் மிச்சம்.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது பத்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டான். போகுமுன் ஒரு சனிக்கிழமை அவனைப் பாய் கடைக்கு வரச் சொல்லி, அவன் கண்ணெதிரே கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினேன். ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. அவன்தான் எடுத்துக் கொடுத்தான், மறுபடியும் கழற்றினோம்.

என் மகள் அந்தத் தை மாதத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக் கொண்டிருக்கிறாள். ஹெல்மெட்டை மாட்டிக் கொண்டு வண்டியில் ஏறுமுன் கீழே குனிந்து பின் சக்கரத்துப் பிரேக் கம்பியை விரலால் அசைத்துப் பார்ப்பாள். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அது தடையில்லாமல் சுற்றினால்தான் ஏறுவாள். தெருவில் நாலு பேர் பார்க்கையில் எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் பார்த்து முடிக்கும் வரையில் பேசாமல் நிற்கிறேன்.